நெத்தலித் தூளுக்கு ஓம், கொலாஜனுக்கு வேண்டாம்

எங்கள் சத்துமாவில் கடல் சாமான் எதையாவது சேர்க்கச் சொல்லி முதலில் கேட்டவர் கனடாவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர். கிளிநொச்சியில் தனியே இருக்கும் அவருடைய அம்மாவுக்கு முழங்கால் நோ. பால் ஒத்துக்கொள்ளாது. கல்சியம் குளிசையைக் கண்டால் வாயைத் திறக்கமாட்டா. "நீங்கள் குடுக்கிற மாவைத்தான் ஒழுங்காக் குடிக்கிறா, அதுக்குள்ள ஏதாவது போட ஏலாதோ?" என்றார்.

நாங்கள் பரந்தனில் நாலு பெண்கள். உழுந்து, குரக்கன், பயறு, கச்சான் எல்லாம் வறுத்து அரைத்துப் பொதி செய்து விற்கிறோம். மாதம் நூற்றைம்பது கிலோ போனால் பெரிய விசயம். எங்களைப் போன்ற ஆட்களுக்குக் கிலோக் கணக்கில் கடல் சாமான் தூள் தருகிறவர் யார் என்று விசாரித்தபோது கிடைத்தவர்தான் இந்த விற்பனையாளர். பலகை போட்ட கடை இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு களஞ்சியம், கையில் ஒரு வட்ஸ்அப் இலக்கம், அவ்வளவுதான். எட்டு மாதமாக வாங்குகிறேன். பெயரை இங்கே போடவில்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், கெட்டதும் சொல்லப் போகிறேன். ஊர் சின்னது.

நெத்தலித் தூளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஒன்றுக்காகத்தான் இன்னும் அவரிடம் போகிறேன்.

நெத்தலியைச் சந்தையில் வாங்கி நீயே அரைக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். எங்கள் மா அரைக்கும் மில்காரர் பையைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அக்கா, விரதத்துக்கு மா அரைக்கிற மெசின். இதுக்குள்ள கருவாட்டைப் போட்டா நாளைக்கு என்ர வாசல்ல ஒரு சனம் நிக்காது." அவர் சொன்னது ஞாயம்தான். வீட்டுக் கிரைண்டரில் அரைக் கிலோ போட்டேன். அந்த மூடியில் அரைத்த தேங்காய்ச் சம்பல் ஒரு மாதம் கருவாட்டு மணம் மணத்தது.

விற்பனையாளர் தரும் தூள் வேறு மாதிரி. சந்தைக் கருவாட்டு நெத்தலியில் உப்புக் கொட்டிக் கிடக்கும். இது உப்புப் போடாமல், நல்ல தண்ணியில் கழுவி, தலை கிள்ளி, நிலத்தில் படாமல் வலைத் தட்டில் காயவைத்து அரைத்தது. நிறம் சாம்பலும் வெள்ளியும் கலந்த மாதிரி. வந்த முதல் நாள் ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். முள் தட்டுப்படவில்லை. பிறகு ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணி விட்டு ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தள்ளி வைத்தேன். மணல் இருந்தால் தூளுக்கு முந்தி அடியில் போய் இருக்கும். மெல்ல வடித்துவிட்டு அடியை விரலால் தடவினால் நெறுநெறு என்று சொல்லிவிடும். இதில் ஒன்றும் இல்லை. எட்டு மாதத்தில் ஒரே ஒரு பொதியில்தான் கொஞ்சம் நெறுநெறுத்தது. படம் எடுத்து அனுப்பினேன், மறுவாரமே மாற்றித் தந்தார்.

கல்சியத்துக்கு ஏன் நெத்தலி? முள்ளோடு முழுதாகச் சாப்பிடும் மீன் என்பதால்தான். பெரிய மீனின் முள்ளை நாம் எறிந்துவிடுகிறோம், கல்சியம் அதோடு போய்விடுகிறது. முள்ளில் இருப்பது நம் எலும்பில் இருக்கும் அதே கல்சியம் பொசுபேற்று. அவரிடம் சிப்பித் தூளும் இருக்கிறது, விலை மூன்றில் ஒரு பங்கு. சிப்பி என்பது கல்சியம் காபனேற்று, அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு கல்சியம், கணக்கில் பார்த்தால் இலாபம். ஆனால் ஓடுகளில் ஈயம் சேர்ந்திருக்கலாம். சோதித்த தாள் இல்லாமல் தொடமாட்டேன் என்றேன். "சித்த வைத்தியத்தில சங்கு பற்பம் குடுக்கிறாங்கள்தானே அக்கா" என்றார். பற்பம் சுத்தி செய்து, புடம் போட்டு, வைத்தியர் அளந்து கொடுப்பது. சிப்பி ஓட்டை இடித்துப் பையில் போட்டுவிட்டு அதன் பெயரைச் சொல்லக் கூடாது, தம்பி.

ஒரு கிலோ மாவுக்கு 40 கிராம் நெத்தலித் தூள் என்று கடைசியில் முடிவாயிற்று. 60 போட்டுப் பார்த்தோம். பெரியவர்கள் குடித்தார்கள், பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஏலக்காய், மிளகு கொஞ்சம் கூட்டினால் 40இல் மணம் தெரியாது. இன்னொரு சிக்கலும் இருந்தது. வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி விரதம் என்று இருக்கிற வீடுகளுக்குத் தெரியாமல் மீன் போய்விட்டால் பிறகு எங்கள் மாவை யாரும் வாங்கமாட்டார்கள். மீன் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் போனால் அது இன்னும் பெரிய விபரீதம். ஆகவே மீன் மாவுக்குத் தனிச் சட்டி, தனி அரிதட்டு, தனி மேசை. பொதியில் சிவப்பில் 'மீன் சேர்ந்தது' என்று ஒட்டுகிறோம். இப்போது எங்கள் பக்கத்துச் சனம் மீன் சேராத மற்றதற்கு வைத்த பெயர் 'வெள்ளிக்கிழமைப் பொதி'. "பிள்ளை, வெள்ளிக்கிழமைப் பொதி ரெண்டு தா" என்று செவ்வாய்க்கிழமை வந்து கேட்பார்கள்.

விலை கிலோ 3,400 ரூபா. மலிவில்லை. ஆனால் ஒவ்வொரு பொதியோடும் ஆய்வுகூட அறிக்கையின் பிரதி ஒன்று வரும். ஈரப்பதன், உப்பு, ஈயம், கட்மியம் என்ற நச்சு உலோகங்கள், சல்மொனெல்லாக் கிருமி எல்லாவற்றின் சோதனை முடிவும் அதில் இருக்கும். பையில் மாக்கரால் எழுதிய தொகுதி எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கும். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்தப் பழக்கத்தை எனக்குப் பழக்கியவரே அவர்தான். பிறகு அதே கண்ணால் அவருடைய மற்றச் சாமான்களைப் பார்த்தபோதுதான் வில்லங்கம் தொடங்கியது.

காய்ந்த கடற்பாசி பற்றி எனக்குக் குறை இல்லை. இது கப்பாபைக்கஸ் என்ற செம்பாசி. இயற்கையாக இங்கே உள்ளதல்ல, பிலிப்பைன்ஸ் பக்கத்தது. நம் கரையில் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள். என் மச்சாள் வலைப்பாட்டில் இருக்கிறா. முழங்காவில் தாண்டி அவவின் வீட்டுக்குப் போயிருந்தபோது கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. முழங்கால் அளவு தண்ணியில் பெண்கள் குனிந்து நின்று கயிற்றில் சின்னச் சின்னத் துண்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 45 நாளில் வெட்டலாம். எட்டுப் பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ. "மாரி மழை இறங்கித் தண்ணியில உப்புக் குறைஞ்சா வெளிறி, நூல் மாதிரி அறுந்து போகும்" என்றா மச்சாள். அதனால் மார்கழியில் நான் கேட்டபோது விற்பனையாளர் "இல்லை அக்கா, தைக்குப் பிறகு பாப்பம்" என்று நேராகச் சொன்னார். பழைய சரக்கைத் தள்ளிவிடாமல் சொன்னதற்கு அவருக்கு ஒரு புள்ளி கூட.

இதை வாங்குகிறவர்கள் கழுவுவதற்கு நேரம் ஒதுக்குங்கள். இரண்டு கிலோப் பையில் உப்புப் பொரிந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். கட்டிய நைலோன் நூல் துண்டுகள் அங்கங்கே கிடக்கும். நான் ஒரு பையில் பதினொன்று பொறுக்கினேன், இரண்டு பச்சை, மற்றதெல்லாம் நீலம். மூன்று தண்ணி மாற்றிக் கழுவி, இரவு ஊறவிட்டால் விரல் தடிப்புக்கு வீங்கி, கண்ணாடி போல ஆகும். காய்ச்சினால் கரையும், வடித்து ஆறவிட்டால் இறுகும். இறுக வைப்பது கராஜீனன். உணவுப் பொதிகளில் ஈ407 என்று போட்டிருப்பார்களே, அதுதான். நோன்பு காலத்தில் எங்களுக்கு வரும் கடற்பாசி இனிப்பு அகர், அது வேறு பாசி, வேறு பசை. அகர் போல இது தனித் தண்ணியில் அவ்வளவு அழகாக நிற்காது, உடைந்து நீர் விடும். பசுப்பாலில் ஊற்றிப் பாருங்கள், கத்தியால் வெட்டலாம். பாலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து பிடிக்கிற குணம் அதற்கு. தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போட்டு நாங்கள் செய்தது கொஞ்சம் தளதளவென்று வந்தது, ஆனால் பள்ளிக்கூடக் கண்காட்சியில் மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

அதே ஆள் 'கடற்பாசிச் சத்துத் தூள்' என்றும் ஒன்று விற்கிறார். பச்சை கலந்த மண்ணிறம். சத்துமாவில் கலக்கலாம், கப்சூலில் அடைக்கலாம் என்றார். என்ன பாசி என்று கேட்டேன். "பாசிதானே அக்கா."

பாசி என்றால் எந்தப் பாசி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செம்பாசியில் அயடீன் ஒரு அளவு, மண்ணிறப் பாசிகள் சிலவற்றில் அதைவிடப் பல மடங்கு. பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் 600ஐ மேல் எல்லையாக வைத்திருக்கிறார்கள். இலங்கையில் 1995 முதல் உப்பிலேயே அயடீன் வருகிறது. அதற்கு மேல் ஒரு கரண்டி தூளில் எத்தனை என்று தெரியாமல் தைரொயிட் குளிசை எடுக்கிற ஒரு அம்மாவுக்கு எப்படிக் கொடுப்பது? இன்னொன்று ஆசனிக்கு என்கிற நஞ்சு. கரையில் ஒதுங்கும் மண்ணிறப் பாசி சார்காசம் இனம். அதே இனத்தைச் சேர்ந்த ஹிஜிக்கி என்ற யப்பான் பாசியைச் சாப்பிட வேண்டாம் என்று பிரித்தானிய உணவுத் தர நிறுவனம் 2004இல் சொன்னது, காரணம் அதில் உள்ள கனிம ஆசனிக்கு. எங்கள் கரைப் பாசி அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்த்த தாள் வேண்டும் என்கிறேன். தாள் வரவில்லை. ஒரு கிலோ வாங்கியது இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. கத்தரிக்கன்றுக்குப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

(அவருடைய பட்டியலில் 'கடல் சத்து' என்ற தலைப்பின் கீழ் ஸ்பிருலினா என்கிற சுருள்பாசியும் இருக்கிறது. சுருள்பாசியைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். கடலுக்கும் அந்தப் பொதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தூள் கெட்டதல்ல, தலைப்புத்தான் பிழை.)

இனிக் கொலாஜன்.

இது இப்போது பெரிய மோகம். தோல் பளபளக்கும், முடி வளரும், மூட்டு வழவழக்கும் என்று பேஸ்புக் முழுக்க விளம்பரம். மீன் தோலிலும் செதிலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை நொதியம் போட்டுச் சின்னச் சின்னதாக வெட்டினால் கிடைப்பது கொலாஜன் பெப்டைட். வெட்டாமல் சுடுதண்ணியில் காய்ச்சி எடுத்தால் அது ஜெலற்றின். இரண்டும் ஒரே தாய் பிள்ளைகள், ஆனால் குணம் வேறு. பெப்டைட் குளிர் தண்ணியிலும் கரைந்து தண்ணியாகவே இருக்கும். ஜெலற்றின் ஆறினால் ஜெலி.

அரைக் கிலோ 6,500 ரூபாவுக்கு எடுத்தேன். "எங்கட கடல் மீன்ர தோல்ல எடுத்தது அக்கா" என்றார். வெள்ளைப் பை. ஒரு மூலையில் ஏதோ ஸ்ரிக்கர் உரித்த அடையாளம், பசை இன்னும் பிசுபிசுத்தது. அறிக்கை கேட்டேன். ஒரு மணித்தியாலத்தில் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் தாளில் உள்ள தொகுதி எண் வேறு, பையில் உள்ளது வேறு. திகதி பார்த்தால் தாள் இரண்டு வருடம் பழையது. சொன்னேன். "அதெல்லாம் ஒரே சரக்குத்தான்" என்றார்.

சரி என்று விடவில்லை. அன்றிரவு 10 கிராம் எடுத்து ஒரு கிளாஸ் சுடுதண்ணியில் கரைத்தேன். கரையவே கொஞ்ச நேரம் எடுத்தது, கரண்டியில் பிசின் போலப் பிடித்தது. மூடிப் பிரிட்ஜில் வைத்தேன். விடிய எழும்பித் திறந்து கிளாசைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. குலுக்கினால் ஆடியது. மகள் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு எசென்ஸ் போட்டிருக்கலாமே" என்றாள்.

ஜெலற்றினை விசம் என்று சொல்ல வரவில்லை. விலை பாதிக்குக் கிடைக்கும் சாமானைப் பெயர் மாற்றித் தந்திருக்கிறார்கள், அது ஒரு கோபம். அதைவிடப் பெரிய பயம் வேறு. லேபல் உரித்த ஜெலற்றின் மீனா, மாடா, பன்றியா என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் மாவை வவுனியாவில் முஸ்லிம் வீடுகளும் வாங்குகின்றன. மாட்டைத் தொடாத சைவ வீடுகளும் வாங்குகின்றன. அவர்கள் என்னை நம்பித்தான் வாங்குகிறார்கள், அந்த வெள்ளைப் பையை நம்பி இல்லை. திருப்பி அனுப்பினேன். காசு ஐந்து கிழமை கழித்து, பார்சல் செலவு கழித்து வந்தது. அவரும் யாரிடமோ வாங்கி ஏமாந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஏமாந்தவர் 'எங்கட கடல்' என்று சொல்லியிருக்கக் கூடாது.

முல்லைத்தீவில் இருந்து வருகிறது என்றதும் எனக்கும் ஒரு மயக்கம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைப்பெற்றவளுக்குப் பாற்சுறாப் புட்டு அவித்துக் கொடுத்து வளர்ந்த ஊர் இது. கடல் என்றாலே சத்து என்று மனம் சொல்லும். சுறாவை வாங்கும்போது முழு மீனாகக் கண்ணால் பார்த்து வாங்கினோம், செவுளைத் தூக்கிப் பார்த்தோம். தூளுக்குச் செவுள் இல்லை. தாள்தான் அதற்குச் செவுள்.

மீன் எண்ணெய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மாதிரிக்கு ஒரு போத்தல் தந்தார், வெள்ளைக் கண்ணாடிப் போத்தல், வெயில் படும் இடத்தில் நின்றது. மூடியைத் திறந்ததும் எங்கள் மாமாவின் வள்ளம் நினைவுக்கு வந்தது, மரத்துக்குப் பூசுகிற எண்ணெய் மணம். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 காற்றும் வெளிச்சமும் பட்டால் சட்டென்று காறும். 2017இல் வந்த கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில், எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறது என்று காட்டும் பெரொக்சைட்டுப் பெறுமானம் 5க்கு மேல் போகக் கூடாது என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெறுமானத்தைக் கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, கிழமைக்கு இரண்டு நாள் சூடை, கீரி, சாளை என்று சின்ன மீன் சமையுங்கள். அதிலும் அதே கொழுப்புத்தான்.

சேவை பற்றி. பார்சலை முல்லைத்தீவு பஸ்ஸில் போட்டுவிட்டுக் கண்டக்டரின் இலக்கத்தை அனுப்புவார். புதுக்குடியிருப்பு, விசுவமடு, தர்மபுரம் தாண்டிப் பரந்தன் சந்தியில் நான் நின்று எடுப்பேன். ஒருநாளும் தவறவில்லை. உள்ளே இரட்டைப் பை, வாயை ஒட்டியிருப்பார். மழை நாளில் மேல் பெட்டி ஊறி வந்தபோதும் தூள் காய்ந்தே இருந்தது. கதைக்கும்போது மரியாதை, கோபம் வராது. குறைந்தது ஐந்து கிலோ எடுக்க வேண்டும் என்கிற நிபந்தனை இல்லை, ஒரு கிலோவும் தருவார். கொழும்பில் கேட்டால் 25 கிலோ மூட்டைக்குக் குறைந்து கதைக்கமாட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. அதனால்தான் கொலாஜன் கதைக்குப் பிறகும் இலக்கத்தை அழிக்கவில்லை.

போன ஞாயிறு அவரிடமிருந்து புது மெசேஜ். 'மூட்டு நோவுக்கு இயற்கைக் குளுக்கோசமின், நண்டுக் கோதுத் தூள், கிலோ 2,800.' நண்டுக் கோதில் கைற்றின் என்ற பொருள் இருப்பது உண்மை. அதில் இருந்து குளுக்கோசமின் செய்வதும் உண்மை. ஆனால் கோதை இடித்தால் கிடைப்பது இடித்த கோதுதான். முதலில் அமிலத்தில் போட்டுக் கல்சியத்தைக் கரைக்க வேண்டும், பிறகு கோஸ்ரிக் சோடா என்ற கடும் காரத்தில் போட்டுப் புரதத்தை எடுக்க வேண்டும், அதற்கும் பிறகு செறிந்த அமிலத்தில் காய்ச்சி உடைக்க வேண்டும். கோஸ்ரிக் சோடா என்றால் என்ன என்று பரந்தன்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனையிறவு உப்பில் அதைச் செய்த தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் நின்றது. அப்படியே சுத்தமான குளுக்கோசமினாக இருந்தாலும், முழங்கால் தேய்வுக்கு அது வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு 2019 வழிகாட்டலில் எழுதியிருக்கிறது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் பாடு வேறு.

இவ்வளவையும் அவருக்கு எழுதவில்லை. "தம்பி, நெத்தலி மூன்று கிலோ போட்டுவிடுங்கோ. நண்டுத் தூளுக்கு ரிப்போட்டை அனுப்புங்கோ, தொகுதி எண் தெரியிற மாதிரி" என்று மட்டும் போட்டேன். நெத்தலி செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்துவிட்டது, தாளோடு. மற்றதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது.